எந்தப் பார்த்துக்கலாம்?

எங்க நிதிச் செயலாளருக்கு ஆபீஸ்ல ஒரு பட்டப்பேர் உண்டு. பார்த்துக்கலாம். பியூன்ல இருந்து துணைச் செயலாளர் வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பார்த்துக்கலாம் வந்துட்டாரா, பார்த்துக்கலாம் இன்னைக்கு எரிஞ்சு விழறார், இப்படி. அவருக்கும் இது தெரியும். என்னய்யா, எனக்கு இப்படி ஒரு பேர் வச்சிருக்கீங்களாமே, மாத்தக் கூடாதான்னு ஒரு நாள் ஸ்டெனோகிட்ட கேட்டிருக்கார். பார்த்துக்கலாம் சார்னு சொல்லிட்டு அவன் டைப் அடிக்கப் போயிட்டானாம்.

நான் வெளியுறவுத் துறையில மொழிபெயர்ப்பாளர். எங்களுக்கு உதவி பண்ற பெரிய நாட்டோட மொழியும் எங்க மொழியும் சரளமா வர்ற ஆள் இந்தத் தீவுல நான் ஒருத்திதான். கேக்கப் பெருமையா இருக்கும். நடுவுல உக்கார்ந்து பாருங்க, அப்பத் தெரியும். ரெண்டு பக்கமும் பேசுவாங்க, ரெண்டு பக்கமும் என் மூஞ்சியைப் பார்க்காமலே பேசுவாங்க. தண்ணிக் குழாய்கிட்டப் போய் யாராவது அபிப்பிராயம் கேப்பாங்களா?

இந்தப் பார்த்துக்கலாம் இருக்கே, என் பிழைப்புல மண்ணள்ளிப் போடன்னே வந்த வார்த்தை. பார்த்துக்கறோம்னு ஒருத்தர் சொன்னா விஷயம் முடிஞ்சது. நாங்க பொறுப்பு, நீங்க நிம்மதியாப் போங்கன்னு அர்த்தம். பார்த்துக்கலாம்னா அது எதுவா வேணா இருக்கும். கவலைப்படாதே, நான் இருக்கேன்னும் இருக்கும். என் உயிரை வாங்காதே, கிளம்புன்னும் இருக்கும். சொல்ற ஆளோட மூஞ்சியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். எங்க செயலாளர்கிட்ட அதுவும் நடக்காது. மூஞ்சியை வெள்ளையடிச்ச சுவர் மாதிரி வச்சுக்குவார்.

அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் ஆபீஸுக்குப் போனேன். அக்காவுக்கு டயாலிசிஸ் நாள். அம்மா அப்பா போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். காலமெல்லாம் தபால் ஆபீஸ் கவுண்டர்ல உக்கார்ந்தவ. ஊர்ல ஒருத்தர் விடாம அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டிருக்காங்க. இப்ப கையில ரெண்டு குழாயோட படுத்துக்கிட்டு நர்ஸம்மாவையும் என்னையும் வையறா.

வார்டுல ரெண்டு மிஷின். ரெண்டும் அந்தப் பெரிய நாடு முன்னால ஒரு தடவை குடுத்தது. ஒண்ணு செத்துப் போச்சு, அதுல நர்ஸம்மா கைப்பையை மாட்டி வச்சிருக்காங்க. இன்னொண்ணு ஓடுது. ஓடும்போது நடுநடுவுல கறக்னு ஒரு சத்தம் போடும் பாருங்க, பக்கத்துல நிக்கறவங்க எல்லாம் அதையே திரும்பிப் பார்ப்பாங்க. தீவுல இருக்கற நோயாளிங்க அத்தனை பேரும் அந்த ஒண்ணுலதான் முறை வச்சுப் படுக்கறாங்க. அது நின்னுட்டா எல்லாரையும் வெளிநாட்டுக்குத்தான் அனுப்பணும், வசதி இருக்கறவங்க போகலாம்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டார். எங்களுக்கு அந்த வசதி இல்ல. அதைப் பத்திப் பேச வாயெடுத்தாலே அக்கா மூஞ்சியைத் திருப்பிக்குவா.

அந்த முதல் மிஷின் செத்த விதம்தான் கொடுமை. ரத்தத்தைக் கழுவ நிறையத் தண்ணி வேணும், அது சுத்தமான தண்ணியா இருக்கணும். அதுக்கு மிஷினுக்கு ஒரு ஃபில்டர், அப்பப்ப புதுசா மாத்தணும், அதை வெளியில இருந்து வரவழைக்கணும். நிதித் துறைக்கு எழுதினாங்க. பார்த்துக்கலாம்னு பதில் வந்தது. சரின்னு பழைய ஃபில்டரோடயே ஓட்டினாங்க. அதுல படுத்தவர் ஒரு ஐஸ் ஃபேக்டரிக்காரர். வாழ்நாள் பூரா ஐஸ் பாளத்தைத் தோள்ல தூக்கின மனுஷன், அந்தப் படுக்கையில குளிர்ல வெடவெடன்னு நடுங்கினார். இருந்த கம்பளியை எல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிக்கலை. மறுநாள் அவர் போயிட்டார், அழுக்கு அடைச்சு அந்த மிஷினும் அதோட நின்னுடுச்சு. பக்கத்துப் படுக்கையில குழாயோட படுத்துக்கிட்டு, எழுந்திருக்க முடியாம, அக்கா அதை முழுசாப் பார்த்தா. அவர் போனதுக்கு அப்புறம் கப்பல்ல வந்து இறங்குச்சு ஃபில்டர். அதை எடுத்துத்தான் மிச்சமிருக்கற மிஷின்ல போட்டு ஓட்டறாங்க.

இன்னைக்கு அந்த நாட்டுக் குழு வருது, புது மிஷின் பத்திப் பேச்சுன்னு அக்காகிட்டச் சொன்னேன். சந்தோஷப்படுவான்னு பார்த்தா, என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா.

"வந்தா வரட்டும். ஆனா ஃபில்டர் இல்லாத மிஷின்ல மட்டும் என்னைப் படுக்க வச்சிடாதடி."

ஆபீஸுக்கு நடந்து போறேன், அந்தப் பிடி கையிலேயே இருக்கு.

கூட்டம் எங்க துறை அமைச்சரோட அறையில. நீள மேஜை, ஏ.சி. ஓடுது, ஆனாலும் ஜன்னல் கண்ணாடி காத்துல அதிருது. அந்தக் குழு ஒரு சின்ன விமானத்துல வந்திருந்தாங்க. காத்து திரும்பறதுக்குள்ள கிளம்பியாகணும்னு பைலட் ஏற்கெனவே சொல்லி அனுப்பிட்டார். அவங்க நாட்டுக் கணக்கு வருஷம் வேற முடியப் போகுது. இன்னைக்குக் கையெழுத்தாகாத எதுவும் வரிசையில நிக்கற அடுத்த தீவுக்குப் போயிடும். அவங்க குழுத் தலைவி இதை முதல் வாக்கியத்துலயே சொல்லிட்டாங்க. நரைச்ச முடியை ஒட்ட வெட்டின அம்மா, குரலை உயர்த்தாமப் பேசறவங்க. அந்த மாதிரி ஆளுங்களைக் கண்டா எனக்கு உதறல்.

முதல்ல படகுத்துறை, அப்புறம் சூரிய விளக்குன்னு வேலை ஓடுச்சு. நடுநடுவுல செயலாளர் பார்த்துக்கலாம் போட்டார். ஒண்ணை 'கவனிக்கிறோம்'னு மாத்தினேன், ஒண்ணை 'ஆலோசிப்போம்'னு மாத்தினேன். விளக்குக் கம்பத்துக்கு என்ன பெயிண்டுங்கறதுல உலகம் முழுகிடாது.

அடுத்தது மண்டபம். இது எங்க அமைச்சரோட கனவு. சர்வதேச மாநாட்டு மண்டபம். தீவு நாட்டுத் தலைவர்கள் எல்லாம் இங்க வந்து கூடணும், வாசல் பலகையில அவர் பேர் இருக்கணும். படத்தை மேஜை மேல விரிச்சுத் தடவித் தடவிக் காமிச்சார். தலைவிக்கும் இது பிடிச்சிருந்தது. கட்டடம்னா அவங்க கொடி போட்ட பலகை வெளியில தெரியும் இல்லையா? அதனால கட்டடத்துக்கு மட்டும் அவங்ககிட்ட ஒரு விதி. கூரை, ஒயரிங், தண்ணிக் குழாய், அதைப் பார்த்துக்கற ஆள், எல்லாமே பத்து வருஷத்துக்கு அவங்க பொறுப்பு. கொடி போட்ட கட்டடம் ஒழுகினா எங்களுக்குத்தானே அசிங்கம்னு சொல்லிட்டு லேசாச் சிரிச்சாங்க. அமைச்சர் நான் மாத்திச் சொல்றதுக்கு முன்னாலயே கூடச் சிரிச்சார்.

அப்புறம் டயாலிசிஸ் மிஷின். தலைவி சிரிப்பை மடிச்சு வச்சிட்டாங்க. போன தடவை குடுத்த ரெண்டுல ஒண்ணு கைப்பை மாட்டற ஆணியா இருக்கறது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. காலையில ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்திருக்காங்க. மிஷினும் கருவியும் ஒரு தடவை குடுக்கறதோட சரி, அதுக்கப்புறம் ஆகற செலவுக்கு எங்க சட்டத்துல இடம் இல்லன்னாங்க. அதனால ஒரே கேள்வி. ஃபில்டர் யார் வாங்குவாங்க, டெக்னீஷியனுக்கு யார் சம்பளம் குடுப்பாங்க? உங்க அரசாங்கம் ஏத்துக்கிட்டா இப்பவே கையெழுத்து. இல்லன்னா இதை அடிச்சிட்டு அடுத்த தீவுக்குக் குடுத்துடறேன்.

நான் வார்த்தைக்கு வார்த்தை மாத்திச் சொன்னேன். செயலாளர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். திரும்பவும் மாட்டிக்கிட்டார்.

"பார்த்துக்கலாம்," அப்படின்னார்.

மேஜையைச் சுத்தி இருந்த அத்தனை கண்ணும் என் வாயில வந்து நின்னுச்சு.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, சொல்லுங்க பார்ப்போம். 'நாங்க பொறுப்பு'ன்னு மாத்தினா மிஷின் வரும். அந்த மொழியில அது மூணே வார்த்தை, நாக்கு நுனியில வந்து நிக்குது. 'யோசிக்கிறோம்'னு மாத்தினா அந்தம்மா பேனாவால ஒரு கோடு, அக்காவுக்கு அந்தக் கறக் மிஷினே கதி. பேசாம பொய்யைச் சொல்லிட வேண்டியதுதானே? வாயைத் திறந்தேன், சத்தியமாத் திறந்தேன். அப்பத்தான் அந்த ஐஸ் ஃபேக்டரிக்காரர் பல்லு கிட்டின சத்தம் காதுல கேட்டுச்சு. நான் அதைக் கேட்டதே இல்ல, அக்கா சொன்னதுதான். ஆனா கேட்டுச்சு. நான் பொய் சொல்லி வர வைக்கற மிஷின்ல அதே மாதிரி படுக்கப் போறது யாரு? எங்க அக்கா.

எனக்கு வந்தது பாருங்க ஒரு கோபம்.

"சார், இது எந்தப் பார்த்துக்கலாம்?"

செயலாளருக்குப் புரியலை. அமைச்சர் போன்ல இருந்து தலையைத் தூக்கினார். நான் விடலை. பார்த்துக்கறோமா, பார்த்துக்கலாமான்னு தெளிவாச் சொல்லுங்க சார், அவங்க மொழியில ரெண்டுக்கும் ஒரே வார்த்தை கிடையாதுன்னேன். 

அமைச்சர் முகம் கறுத்துப் போச்சு. உன் வேலை என்னவோ அதைப் பாரும்மா, சரின்னு சொல்லித் தொலை, கையெழுத்தாகட்டும், மத்ததை அப்புறம் பேசிக்கலாம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டே சிரிச்ச முகமாச் சொன்னார். எதிர்ல இருக்கறவங்களுக்குச் சிரிப்பு மட்டும்தானே தெரியும். செயலாளர் சார் வாயால சரின்னு சொல்லட்டும், அடுத்த நொடி மாத்திச் சொல்றேன்னேன். இது பதில் இல்ல, திமிர். வேலை போச்சுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

என்ன பேசிக்கிறீங்கன்னு தலைவி கேட்டாங்க. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுக்கிட்டிருக்கேன்னு உள்ளதைச் சொன்னேன். அவங்க பேனாவை மூடாம அப்படியே பிடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருந்தாங்க. 

செயலாளர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்துல அவர் என் மூஞ்சியைப் பார்த்துப் பேசினது அன்னைக்குத்தான் முதல் தடவை.

"உனக்கு அங்க யாரும்மா இருக்காங்க?"

"அக்கா, சார்."

அவர் தலையை ஆட்டிக்கிட்டார். வெள்ளையடிச்ச சுவர்ல ஏதோ பேந்து விழுந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஃபில்டருக்குன்னு எழுதி வைக்கிறேன்மா, ஒவ்வொரு வருஷமும் புயல் வந்து கூரையைத் தூக்குது, படகுத்துறையைத் தூக்குது, அதை எடுத்து இதுல போட வேண்டியிருக்குன்னார். அப்புறம் அமைச்சர் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதான் பார்த்துக்கலாம். இப்ப எழுதிக்கச் சொல்லு. எங்களால முடியாது. மண்டபம் வேண்டாம், அதுக்குப் பதிலா ஃபில்டர் குடுங்கன்னு கேளு."

அமைச்சர் நாற்காலியைப் பின்னால தள்ளிட்டு எழுந்திருச்சார். மண்டபம் வேண்டாம்னு சொல்ல நீ யாரு, இது அமைச்சரவை முடிவு, அது இதுன்னு கத்தினார். இதையும் மாத்திச் சொல்லவான்னு நான் செயலாளரைக் கேட்டேன். வேண்டாம், அது அவங்களுக்கே புரிஞ்சிருக்கும்னார்.

நான் தலைவிகிட்ட அப்படியே சொன்னேன், கூட்டாம குறைக்காம. எங்களால முடியாதுங்கற வாக்கியத்தையும் சேர்த்துத்தான். அது என் அக்காவைப் பத்தின வாக்கியம்.

தலைவி ரொம்ப நேரம் பேசினாங்க. இந்த வெளிப்படையான பேச்சை மதிக்கிறாங்களாம். ஆனா மண்டபத்துக்கு ஒதுக்கினதைப் பொருளுக்கு மாத்த அவங்களுக்கு அதிகாரம் இல்லையாம். எங்க கோரிக்கையைத் தலைநகருக்கு எடுத்துட்டுப் போவாங்களாம், உரிய மட்டத்துல, உரிய நேரத்துல, மிகுந்த அனுதாபத்தோட பரிசீலனை பண்ணுவாங்களாம். வழவழன்னு ஓடுன அந்தப் பேச்சைக் கேக்கக் கேக்க எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரியே இருந்தது.

என்னம்மா சொல்றாங்கன்னார் செயலாளர்.

அத்தனை நீளப் பேச்சுக்கும் எங்க மொழியில ஒரே வார்த்தை இருந்தது. "பார்த்துக்கலாம்கறாங்க, சார்."

அவர் சிரிக்கலை. மேஜை மேல முன்னால சாய்ஞ்சார். "எந்தப் பார்த்துக்கலாம்னு அவங்களையும் கேளு."

கேட்டேன். இங்க எங்களுக்கு ஒரு வார்த்தை இருக்கு, அதுக்கு ரெண்டு அர்த்தம், நீங்க சொன்னது அதுல எதுன்னு கேட்டேன். அந்தம்மா காது நுனி சிவந்துச்சு. பக்கத்துல இருந்த உதவியாளர் அவங்க காதுல, பைலட் கூப்பிடறார்னு கிசுகிசுத்தார். அவங்க கையைக் காட்டி நிறுத்தினாங்க. மண்டபப் படத்தை இழுத்துப் பார்த்தாங்க, அப்புறம் விதிப் புத்தகத்தைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. செயலாளரை இல்ல, அமைச்சரை இல்ல, என்னை.

உங்க மொழியில மண்டபம்னா என்னன்னு கேட்டாங்க.

குழாய்கிட்ட அபிப்பிராயம் கேக்கறாங்க.  அவங்க எதுக்கு அடி போடறாங்கன்னு புரிஞ்சதும் நிமிர்ந்து உக்கார்ந்தேன். தப்பா ஒரு சொல் விழுந்தா எல்லாம் கெட்டுது.

"தூணும் கூரையும் இருந்தா மண்டபம்," அப்படின்னேன். "உள்ள யார் உக்காரலாம், யார் படுக்கலாம்னு கணக்கு கிடையாது."

ஆஸ்பத்திரி வளாகத்துல கட்டினாலும் மண்டபம்தானான்னு கேட்டாங்க. மண்டபம்தான். உள்ள தண்ணி சுத்தம் பண்ற ஏற்பாடு இருந்தா? அது மண்டபத்தோட தண்ணிக் குழாய். அதைப் பார்த்துக்க ஒரு ஆள் இருந்தா? அது மண்டபத்தைப் பார்த்துக்கற ஆள். சொல்லச் சொல்ல அவங்க எழுதிக்கிட்டே போனாங்க. குழாயும் அதுல இருக்கற ஃபில்டரும் ஆளும் பத்து வருஷத்துக்கு அவங்க விதிப்படி அவங்க பொறுப்பு. மிஷின் ஒரு தடவை குடுக்கற பொருள், அதுல சிக்கலே இல்ல.

செயலாளருக்கு இதை எல்லாம் சொன்னப்ப அவர் வாய் திறந்தபடியே இருந்தது. அமைச்சர் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தார். அவர் கேட்டது எல்லாம் பலகையைப் பத்தித்தான், வாசல் பலகை உண்டா? உண்டு. சர்வதேச மாநாட்டு மண்டபம்னுதான் இருக்குமா? பேரை மாத்தினா அனுமதி கிடைக்காது, அதனால அப்படியேதான் இருக்கும். அவர் பேர்? அதுவும் இருக்கும். அவர் மெதுவா உக்கார்ந்தார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி செயலாளரைப் பார்த்து, அப்ப மாநாட்டை எங்கய்யா நடத்தறதுன்னார்.

"பார்த்துக்கலாம் சார்," அப்படின்னார் செயலாளர்.

அது எந்தப் பார்த்துக்கலாம்னு எனக்கு உடனே தெரிஞ்சது. யாரும் என்னை மாத்திச் சொல்லச் சொல்லலை.

கையெழுத்து ஆனதும் அவங்க ஓடாத குறையாக் கிளம்பினாங்க. நான் நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். விமானம் தலைக்கு மேல ஏறிப் போறப்ப பாதி வழியில இருந்தேன். நடுரோட்டுல நின்னு அழுதேன், வெக்கமே படலை. வேலை போச்சா இருக்கான்னு கூட அப்ப நினைப்பு வரலை.

அக்காவுக்கு அன்னைக்கு முறை முடியற நேரம். மிஷின் ஓடிக்கிட்டு இருந்தது. நான் மூச்சிரைக்க எல்லாத்தையும் கொட்டினேன். சர்வதேச மாநாட்டுலயா நான் படுக்கப் போறேன்னு அவ சிரிச்சா. எந்தெந்த நாட்டுத் தலைவருங்க பக்கத்துல படுப்பாங்கன்னு கேட்டா. ஃபில்டர், ஃபில்டர்னு நான் ரெண்டு தடவை சொன்னேன். கேட்டுச்சுடின்னு என் கன்னத்தைத் துடைச்சு விட்டா. நர்ஸம்மா கூட வந்து நின்னு கேட்டாங்க.

அப்புறம் அக்கா சிரிப்பை நிறுத்திட்டு, எப்ப கட்டி முடிப்பாங்கன்னு கேட்டா.

அதை நான் அதுவரைக்கும் யோசிக்கவே இல்ல. மண்டபம் எழும்பினாத்தான் சுத்தத் தண்ணி, அது இருந்தாத்தான் புது மிஷின். மண் பரிசோதனை, கப்பல்ல இரும்பு, சிமெண்ட், எங்க தீவுல ஒரு கட்டடம் எழும்பற வேகம் எனக்குத் தெரியாததா? மழைக்காலத்துல கப்பல் வராது. ஒண்ணரை வருஷம் ஆகும்னேன். ரெண்டு ஆனாலும் ஆகும்.

அப்ப அந்த மிஷின் கறக்னு ஒரு சத்தம் போட்டுச்சு. மூணு பேரும் அதைப் பார்த்தோம். ஒரு இழுப்பு இழுத்துட்டுத் திரும்பவும் ஓட ஆரம்பிச்சது.

"அதுவரைக்கும் இது ஓடுமா சிஸ்டர்?" அக்கா ரொம்ப சாதாரணமாத்தான் கேட்டா.

நர்ஸம்மா செத்த மிஷின்ல இருந்து கைப்பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டாங்க. அக்காவோட போர்வையை இழுத்துச் சரி பண்ணினாங்க.

"பார்த்துக்கலாம்மா," அப்படின்னாங்க.

எந்தப் பார்த்துக்கலாம்னு நான் கேக்கலை.